பூஜ்யத்திலிருந்து

சந்தனமாரி மின்சுற்றை வரையவில்லை. எழுதினாள். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போக வேண்டும் என்பதைக் கணக்குப் பாடத்துச் சார்புபோல எழுதினாள். பல்கலைக்கழகத்தின் களமசேரி வளாகத்துக் கம்ப்யூட்டர் அந்த வரிகளைப் பிரித்து, எந்தச் சிப்பின் எந்தக் காலிலிருந்து எங்கே கம்பி போக வேண்டும் என்று அச்சிட்டுக் கொடுத்தது. அதன்படி ஒரு பலகையில் பற்றவைத்தாள்.

1987 மார்ச்சில் அந்தப் பலகையை மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் வாசலில் மாட்டினார்கள். கதவின் ஒரு பக்கம் விளக்கு. மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் கண். மூட்டை குறுக்கே போனால் எண் ஒன்று கூட வேண்டும். அதற்கு வேறு வேலை இல்லை.

அவளுடைய ஆய்வின் வழிகாட்டிப் பேராசிரியர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். வரும்போது படகிலேயே சொல்லிவிட்டார்.

"இன்னிக்குச் சரியா எண்ணலைன்னா, இந்த ஃபங்ஷனை எல்லாம் மடக்கி வச்சுடு. எல்லாரையும்போலப் படம் வரைஞ்சு முதல்லேர்ந்து ஆரம்பி. கேட்டயா?"

முதலிலிருந்து என்றால் இன்னும் இரண்டு வருடம்.

அவள் ஸ்விட்சைப் போட்டாள். பலகையில் 7 எரிந்தது.

இன்னும் யாரும் ஒரு மூட்டையையும் தூக்கியிருக்கவில்லை. சுமைக்காரர்களின் தலைவர் தங்கையா சாயா கிளாசோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"நாங்க சாயா குடிச்சு முடிக்கும் முன்ன ஏழு சாக்கு உள்ள போயாச்சு. அப்ப எங்களுக்கு லீவுதானா, மோளே?"

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் அணைத்துப் போட்டாள். 3. மறுபடி அணைத்துப் போட்டாள். 11.

"ஒரே கேள்விக்கு எப்பவும் ஒரே விடைன்னுதானே வருஷம் பூரா சொல்லிண்டிருந்தே?" என்றார் வெங்கிடேஸ்வரன்.

அவள் சொன்னது அதுதான். இந்த முறையின் பலமே அதுதான். தங்கையாவிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அது என்ன காட்டினாலும் காட்டட்டும். நீங்க சாக்கை எடுங்க."

தங்கையா வாசலில் நின்று, கடந்து போன முதல் மூட்டையைத் தட்டினார்.

"லாபம்."

இந்தச் சந்தையில் யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு. பலகை 12, 13, 14 என்றது. ஓர் அடுக்கு முடிந்தது. அடுத்த அடுக்குக்குத் தங்கையா மறுபடி "லாபம்" என்று தொடங்கினார். பலகை பழைய எண்ணிலிருந்தே ஏறியது.

சந்தனமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டையும் விட்டுப்போகவில்லை. ஒன்றும் இரண்டு தடவை ஏறவில்லை. தொடக்கம் மட்டும் தவறு. தங்கையா ஒவ்வொரு தொடக்கத்தையும் வாய்விட்டுச் சொல்கிறார். பலகைக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் எழுதிய வரி நினைவில் ஓடியது: முந்தைய எண்ணோடு ஒன்று, தொடக்கத்தில் பூஜ்யம். காகிதத்தில் பூஜ்யம் என்று எழுதினால் பூஜ்யம்தான். சிப் அதைப் படிக்கவில்லை. மின்சாரம் வந்ததும் வாய்த்த எண்ணோடு அது விழித்துக்கொண்டது. அதைப் பூஜ்யமாக்க ஒரு கால் உண்டு. தேவைப்படாது என்று அந்தக் காலை அவளே நிரந்தரமாக மின்சாரத்தோடு கட்டி, இயங்காமல் செய்திருந்தாள்.

"சார், எண்ணுறது சரி. தொடங்குறதுதான் தப்பு."

"அப்போ எழுதினதுல என்ன மாத்தணும்?"

"எழுதினதுல ஒண்ணும் மாத்த வேண்டாம் சார்."

பஜார் ரோட்டில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும் வாங்கி வந்து, அந்தக் காலின் கட்டை அவிழ்த்து அங்கே பற்றவைத்தாள். இனி மின்சாரம் வந்ததும் அந்தக் காலின் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்திருந்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகுதான் உயரும்.

0.

அணைத்துப் போட்டாள். 0. வெங்கிடேஸ்வரன் தாமே வந்து பிளக்கைப் பிடுங்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினார். 0.

சந்தனமாரி பக்கத்திலிருந்த சுக்கு மூட்டையில் உட்கார்ந்தாள்.

"அது எண்ண வேண்டிய சாக்கு, மோளே," என்றார் தங்கையா.

எழுந்தாள். தங்கையா அந்த மூட்டையையே தூக்கச் சொன்னார்.

"லாபம்."

1.

வெங்கிடேஸ்வரன் தமக்கு வந்திருந்த சாயாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தீசிஸ்ல ஓர் அத்தியாயம் கூடும். கரண்ட் வர்ற அந்த க்ஷணத்தைப் பத்தி."

"படம் வேணுமா சார்?"

"வேண்டாம். எழுதினாப் போறும்."

சாயா ஆறிப்போயிருந்தது. அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.