கோவிந்தா சொன்ன ஆறு மீன்கள்

இதனால் சகலமான பேர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: செஞ்சிக் கோட்டையைக் கட்டி ஆண்ட மன்னர்கள் எவருக்கும் கிட்டாத பெரும்பேறு, கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் அரிகிருஷ்ணனுக்குக் கிட்டியது. கிரகப்பிரவேசம் முடிந்த நான்காம் நாள் காலை ஏழே முக்காலுக்கு, அவருடைய புது வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆறு மீன்களும் மேலே வந்து, தலையைத் தூக்கி, பெருமாள் நாமத்தைச் சொல்லத் தொடங்கின.

கண்டுபிடித்தவரும் அவர்தான். கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். போன வருஷம் கடைக்கு வந்த குக்கர் மூடி ஒன்றில் பிள்ளையார் தெரிகிறார் என்று கண்டுபிடித்து, அந்தக் குக்கரை மட்டும் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்.

வடகிழக்கு மூலையில் தண்ணீர் இருந்தால் பதவி தேடி வரும் என்று வாஸ்துக்காரர் சொன்னதால் வாங்கிய தொட்டி அது. பதவி என்றால் வணிகர் சங்கத் தலைவர் பதவி. அதற்கு அரிசி மண்டி ராஜாராமும் நிற்கிறார். அவருக்குத்தான் ஜெயம் என்று கடைவீதியே பேசிக்கொண்டது. டீக்கடையில் அரிகிருஷ்ணன் நுழைந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அது அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

கிரகப்பிரவேசத்தன்று தொட்டியை வைத்துவிட்டுப் போகும்போது வளர்ப்பு மீன்கடைச் சேரன் ஏதேதோ சொன்னான். அரிகிருஷ்ணன் காதில் வாங்கவில்லை, ஐயர் காத்திருந்தார். கலசத் தண்ணீர் வீடெல்லாம் தெளித்தது போக ஒரு சொம்பு மிச்சம். மஞ்சளும் பச்சைக் கற்பூரமும் துளசியுமாக அது தொட்டிக்குள் போனது. மொய் எழுத வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிடி பொரி போட்டார்கள். விசேஷ வீட்டில் ஒரு ஜீவன் மட்டும் சாப்பிடாமல் இருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? காற்று விடும் மோட்டார் கொரகொரவென்று பூஜையைக் கெடுத்தது. அதை அவரே நிறுத்தினார்.

“இதுங்களுக்கு இன்னாவோ ஆவுதுங்க,” என்றாள் மனைவி மங்கை. “வாயப் பாருங்க, மாடி ஏறி வந்த கெழவனாட்டம்.”

“கோ-விந்-தா. எண்ணிப் பாரு. மூணு வாட்டி தொறக்குது, மூடுது.”

“அப்ப எங்க வீட்டு எருமை கூட அசை போடச்சொல்ல கோவிந்தாதான் சொல்லிச்சி.”

“பக்தி உனக்கு எங்க புரியப்போவுது.”

அவர் எடுத்த வீடியோ சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஏறியது. மாலைக்குள் நூற்றுப் பதினேழு கும்பிடுகள் விழுந்தன. சிங்கவரம் பெருமாள் மலை இருக்கும் திசையைப் பார்த்தே மீன்கள் நிற்கின்றன என்று நகைக்கடைக்காரர் எழுதினார். டீக்கடையில் அரிகிருஷ்ணனுக்கு உட்கார இடம் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நிர்வாகக் குழுவே தரிசனத்துக்கு வருவதாக ஏற்பாடானது.

அன்று பத்தரைக்கு அவர் சேரனுக்குப் போன் போட்டார். இன்னும் பெரிய தொட்டி ஒன்று வேண்டும். பக்தர்கள் பின்னால் நின்றாலும் தெரிய வேண்டும். கையில் சந்தனக் கிண்ணம் இருந்ததால் ஸ்பீக்கரில் பேசினார். மீன்களின் பெருமையைச் சொல்லி முடிக்கும்வரை சேரன் பொறுமையாகக் கேட்டான்.

“அண்ணா, மேலயே நின்னுகினு வாயத் தொறந்து தொறந்து மூடுதா?”

“நாமம் சொல்லுது சேரா.”

“மூச்சு முட்டுதுண்ணா. மோட்டார் ஓடுதா?”

“நிறுத்தி வெச்சிருக்கேன். சத்தம் போடுது.”

“எத்தினி நாளா?”

“அஞ்சாறு நாளா.”

“ஐயோ. தீனி?”

“வர்றவங்க போடறாங்க. பொரி. சக்கரைப் பொங்கல் கொஞ்சம்.”

“அண்ணா, அன்னிக்கே சொன்னேன். புதுத் தொட்டிண்ணா அது. அதுங்க கழிவும் மிச்சத் தீனியும் அழுவி தண்ணியே விஷமாப் பூடும். தண்ணியில காத்தும் இல்ல, அதான் மேல வந்து ஏங்குதுங்க. மொதல்ல மோட்டாரப் போடு. மூணுல ஒரு பங்கு தண்ணிய எடுத்துட்டு நேத்து புடிச்சி வெச்ச தண்ணிய ஊத்து. ரெண்டு நாளைக்கு ஒரு பொரி கூடப் போடாத. இப்பவே செய்ணா. தாங்காதுங்க.”

சமையலறை வாசலில் மங்கை நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அரிகிருஷ்ணன் சுவிட்சை நோக்கிப் போனார். விரலை வைத்தும்விட்டார். மோட்டார் ஓடினால் மீன்கள் கீழே போய்விடும். கீழே போனால் அவை வெறும் மீன்கள். அப்புறம் டீக்கடையில் என்ன சிரிப்புச் சிரிப்பார்கள் என்பது அவர் காதில் இப்போதே கேட்டது. ஒரு அரை மணி நேரம்தானே என்று நினைத்தார். வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. விரலை எடுத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு வரவேற்கப் போனார்.

பதினான்கு பேர் வந்தார்கள். கடைசியாக ராஜாராம். கேலி செய்யத்தான் வருகிறார் என்று அரிகிருஷ்ணன் பதில்கள் சிலவற்றைத் தயாராக வைத்திருந்தார். ராஜாராமோ சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் தொட்டியின் முன் நின்றார்.

“அரி, எம் பொண்டாட்டி வள்ளியம்மாளுக்கு நாளான்னிக்கு பாண்டியில ஆபரேஷன்பா. இதயத்துல. யாருகிட்டயும் சொல்லல.” தொட்டியை நோக்கிக் கைகூப்பினார். “எனக்கு இந்தப் பதவியெல்லாம் வாணாம். நீயே நில்லு. இதுங்ககிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுபா.”

வாங்கி வந்த பொரியைப் பை நிறையத் தொட்டிக்குள் கொட்டினார்.

கொட்டாதே என்று சொல்ல அரிகிருஷ்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பொரிக்கு நடுவே பெரிய மீன் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“சேவிக்குதுபா!” என்று கத்தினார் நகைக்கடைக்காரர். “ராஜாராமுக்காகச் சேவிக்குது!”

பதினான்கு பேரும் கோவிந்தா போட்டார்கள். ராஜாராம் தரையில் விழுந்து கும்பிட்டார். அவர் நெற்றி அரிகிருஷ்ணனின் கால்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. கால்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மங்கை காபித் தட்டைக் கீழே வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுவிட்சைத் தட்டினாள். கொரகொரவென்று தண்ணீர் பொங்கியது.

“இன்னாம்மா சத்தம்?” என்றார் யாரோ.

“காத்து,” என்றாள். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வடிகட்டியால் பொரியை அள்ளத் தொடங்கினாள்.

காபி குடித்து முடிப்பதற்குள் ஐந்து மீன்கள் தடுமாறிக் கீழே இறங்கின. தியானத்துக்குப் போய்விட்டன என்று முடிவு செய்துகொண்டு குழுவும் இறங்கிப் போனது. ஆறாவது, அந்தப் பெரிய மீன், எழுந்திருக்கவில்லை. அதை மங்கை முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

புதன்கிழமை அரிகிருஷ்ணன் போட்டியின்றித் தலைவரானார். சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தார். நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார். இவ்வளவு அடக்கமான மனிதரா என்று கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ராஜாராம் போன் செய்தார்.

“நேத்து ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிச்சிபா. இன்னிக்கி கண்ணத் தொறந்து பேசினா. எல்லாம் உன் மீனு புண்ணியம். அந்தப் பெருசு எப்டிக்கீது?”

“நல்லாக்கீது,” என்றார் அரிகிருஷ்ணன்.

மங்கை தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சால்வை கழுத்தில் அரித்தது. அதை எடுக்கத் தோன்றாமல் தொட்டியின் முன் போய் நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஐந்து மீன்கள் கூழாங்கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை.

ராஜாராம் பொரியைக் கொட்டிய அன்று அவர் நின்ற இடத்திலிருந்து சுவிட்ச் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது.