நிரோஷினி வென்ற வழக்கு

வேலாயி கொண்டுவந்த கடதாசிகளில் மூன்றாவதைச் சட்டத்தரணி நிரோஷினி முதல் வரியிலிருந்து இரண்டாம் முறையும் வாசித்தாள். தொழில் நியாய சபையின் தீர்ப்பு அது. வேலாயியை வேலையை விட்டு நீக்கியது சரிதான் என்று சொல்லி, ஆதாரமாக, வேலை நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி தொடுத்த பழைய வழக்கைக் காட்டியிருந்தார்கள். ராஜரத்தினம் வழக்கு. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் சரி, தொழிலாளி கையெழுத்து வைத்துவிட்டால் விளங்கிக்கொண்டுதான் வைத்தார் என்று கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இருபத்திரண்டு வருடங்களாகத் தோட்டத்துச் சனங்களின் வாயை அடைத்து வரும் தீர்ப்பு.

அந்த வழக்கில் தோட்டக் கம்பனிக்காக வாதாடி வென்றவள் நிரோஷினிதான்.

இன்றைக்கு இதை யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். கண்டி நீதிமன்ற வளாகத்தில் தொழிலாளர் வழக்கு என்றால் முதலில் வாயில் வருவது அவள் பெயர். வாக்காளர் இடாப்பில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு முகவரி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனவள். மொழி உரிமை பற்றிய அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் அவளைக் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். ஆனால் சட்டத்தரணியாகி மூன்றாவது வருடத்தில், சீனியர் படுத்த படுக்கையாகிவிட, தனியாக நின்று வென்ற முதல் பெரிய வழக்கு ராஜரத்தினம் வழக்கு. அதில் வென்றதால்தான் ஆட்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். பிறகு கம்பனிகளின் பக்கம் அவள் போகவேயில்லை. அந்தத் தீர்ப்பு மட்டும் அவளுடைய பெயரையும் சுமந்துகொண்டு அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

வேலாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. அரசாங்கத்துக்குச் சொந்தமான ரோஸ்மூர் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் பத்தொன்பது வருடம் வேலை. ஒருநாள் பால்மா பைக்கற்று ஆறு குறைந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு துரை வந்து விசாரித்தார், முழுக்கச் சிங்களத்தில். முடிவில் ஒரு தாளை நீட்டினார்கள். விசாரணைக்கு வந்ததற்கான கையெழுத்து என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். வேலாயி வைத்தாள். களவெடுத்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது அடுத்த கிழமை வேலை நீக்கக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. சிங்களம் தெரியாதே தவிர, தமிழில் லயத்துக்கே கடிதம் வாசித்துக் காட்டுகிறவள் அவள்.

கண்டி மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய நிரோஷினி ஒப்புக்கொண்டாள். ராஜரத்தினம் வழக்கைப் பற்றி, அது ஒரு தடை, பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். வென்றது யார் என்று சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்தாள். அடுத்த முறையும் சொல்லவில்லை.

வேலாயியின் மகள் துஷானி பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயோடு வந்தாள். உட்காராமலே போனை மேசையில் வைத்தாள். பழைய தீர்ப்பு அதில் திறந்திருந்தது.

"மேடம், இதுல இருக்கிற பேரு நீங்களா?"

"நான்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

சட்டத்தரணியின் தொழில் என்பது தன்னிடம் வருகிறவருக்காகப் பேசுவது. இப்படிப் பல பதில்கள் நிரோஷினியிடம் தயாராக இருந்தன. இருபத்திரண்டு வருடமாக அவள் தனக்குத் தானே சொல்லிவந்தவை. அவற்றை ஒதுக்கினாள்.

"சொன்னா ஃபைலத் தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பயந்தேன்" என்றாள்.

துஷானி போனை எடுத்துக்கொண்டாள். "இப்பவும் தூக்கிட்டுத்தான் போகப்போறோம். எந்திரிங்கம்மா."

வேலாயி எழும்பவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க ஜெயிச்சது சரின்னு இப்பவும் நெனைக்கிறீங்களா?"

"இல்லக்கா."

"எப்ப இருந்து?"

இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. "அன்னைக்கே தெரியும்" என்றாள் நிரோஷினி.

வேலாயி மகளின் கையைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தாள். வேறு லோயரிடம் போனால் அவர் முதலிலிருந்து படிக்க வேண்டும், இந்த அம்மாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என்றாள். பிறகு நிரோஷினியிடம் திரும்பினாள். "நீங்க கட்டுனத நீங்களே உடைங்க. ஆனா இனிமே எங்ககிட்ட ஒன்ன மறைச்சீங்கன்னா நானே தூக்கிட்டுப் போயிருவேன்."

அடுத்த நாளே நிரோஷினி பழைய வழக்கேட்டைத் தேடி நீதிமன்ற ஆவண அறைக்குப் போனாள். மூன்று நாள் அலைந்து, தூசியில் தும்மித் தும்மி, நான்காம் நாள் பிடித்தாள். தேடியது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ராஜரத்தினத்தைக் குறுக்கு விசாரணை செய்த நாளின் குறிப்பு. சாட்சியத்தோடு சேராமல், வழக்கின் அன்றன்றைய நடப்பைப் பதியும் நாட்குறிப்புத் தாளில், பச்சை மையில் ஒரு வரி: மொழிபெயர்ப்பாளர் இன்று சமுகமளிக்கவில்லை.

தீர்ப்பு முழுதும் நின்றது ராஜரத்தினத்தின் ஒரே ஒரு பதிலில். விளங்கிக்கொண்டுதானே கையெழுத்து வைத்தீர்கள் என்று அவள் சிங்களத்தில் கேட்டாள். அவர் "ஓவ்" என்றார். ஆம். அவருக்காக வந்திருந்த தொழிற்சங்கத்துக்காரர் ஆட்சேபிக்கவில்லை. மேல் நீதிமன்றத்தில் யாரும் நாட்குறிப்புத் தாளைப் புரட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் உட்காரும் இடம் காலியாக இருந்ததை அவள் மட்டும் பார்த்திருந்தாள். தன் தாய்மொழியும் அவருடைய தாய்மொழியும் ஒன்று என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ராஜரத்தினம் உயிரோடு இருக்கிறார், கலகெதரயில் பழக்கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து அறிந்து ஒரு சனிக்கிழமை போனாள். எழுபதைத் தாண்டிய மனிதர், குருநாகல் வீதியோரத்தில் தகரக் கூரையின் கீழ் ரம்புட்டான் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

வேலை போன பிறகு என்ன நடந்தது என்று அவராகச் சொன்னார். லயத்தில் குடியிருந்த காம்பராவையும் திருப்பிக் கேட்டார்கள். மனைவியின் அண்ணன் வீட்டில் எட்டு வருடம். மகன் படிப்பை விட்டான். யாரையும் திட்டாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போனார். நிரோஷினி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையால் தடுத்தார்.

"அது இருக்கட்டும். அன்னைக்கு நீங்க என்னைய என்ன கேட்டீங்கன்னு எனக்கு இன்னமும் தெரியாது. நீங்க ஏதோ கேட்டீங்க. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. ஓவ்னு சொன்னா விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை நின்று, பிறகு நிரோஷினி அந்தக் கேள்வியை, சொல் மாறாமல், தமிழில் கேட்டாள். அந்தக் கடதாசியில் எழுதியிருந்ததை விளங்கிக்கொண்டுதானே கையெழுத்து வைத்தீங்க?

"இல்ல" என்றார் ராஜரத்தினம். "வாசிச்சுக் காட்டச் சொல்லி மூனு தரம் கேட்டேன். காட்டல."

அதை நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசியாகத் தர முடியுமா என்று அவள் கேட்டாள். தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார், முழுக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து வைப்பேன் என்றார். அடுத்த கிழமை அப்படியே செய்தார். இரண்டு இடத்தில் பிழை பிடித்துத் திருத்தவும் செய்தார். அவளை மன்னித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ரோஸ்மூர் தோட்டத்தை நடத்தும் அரச நிறுவனத்துக்காகத் தோன்றிய சட்டத்தரணி நஸீப் அவளோடு சட்டம் படித்தவர், நல்ல மனிதர். நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வேலாயியின் நீண்ட சேவையைக் கருதி நிறுவனம் குற்றத்தை மன்னித்து வேலையைத் திருப்பித் தரும், மேன்முறையீட்டை வாபஸ் வாங்கினால் போதும் என்றார். உன் பெயருக்கும் அதுதான் நல்லது, உன் வழக்கை நீயே போட்டு உடைத்தால் பார்க்கிறவன் சிரிப்பான் என்றும் சொன்னார்.

நிரோஷினி அதை ஒரு வார்த்தை விடாமல் வேலாயியிடம் சொன்னாள். இந்த வழக்கில் தோற்கவும் கூடும், தோற்றால் இதுவும் கிடைக்காது என்பதையும் சொன்னாள். வேலாயி ஒரே ஒரு விஷயம் கேட்டாள். மன்னித்து என்றா எழுதுவார்கள்? ஆம் என்றாள் நிரோஷினி.

"களவெடுத்தவளத்தான மன்னிப்பாங்க" என்றாள் வேலாயி. "வேணாம்."

மேன்முறையீட்டு விசாரணை நாளில் நிரோஷினி எழும்பி, தமிழில் வாதாடப் போவதாக அறிவித்தாள். கண்டி நீதிமன்றங்களில் இருபத்தைந்து வருடமாகச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசிவந்தவள். அரசியலமைப்பு அதற்கு இடம் தருகிறது, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது நீதிமன்றத்தின் பொறுப்பு என்றாள். மொழிபெயர்ப்பாளர் இல்லை. வழக்கு மூன்று கிழமை தள்ளிப்போனது. வளாகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று வேலாயிக்கு விளங்க வேண்டும். அதில் அவள் விட்டுக்கொடுப்பதாயில்லை.

மூன்று கிழமை கழித்து மொழிபெயர்ப்பாளர் வந்தார். ஒன்றரை மணிநேரம் நிரோஷினி பேசினாள். அரச நிறுவனத்தின் அதிகாரி ஒரு குடிமகளிடம் அவளுக்கு விளங்காத மொழியில் வாங்கிய ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்றாள். ராஜரத்தினம் வழக்கை மட்டும் காட்டி அதை மூடி மறைக்க முடியாது, அந்த வழக்கே ஓட்டைப் பாத்திரம் என்று சொல்லி நாட்குறிப்புத் தாளின் பிரதியை முன்வைத்தாள். நஸீப் சத்தியக் கடதாசியை ஏற்கக்கூடாது என்று ஆட்சேபித்தார். நீதிபதி ஆட்சேபத்தை ஒப்புக்கொண்டு அந்தக் கடதாசியை ஒதுக்கிவைத்தார். நாட்குறிப்புத் தாளை மட்டும் ஒதுக்க முடியவில்லை. அது நீதிமன்றத்தின் சொந்தப் பதிவு.

நஸீப் சளைக்கவில்லை. வென்ற சட்டத்தரணிக்குப் பிற்காலத்தில் மனம் மாறியது என்பதற்காக ஒரு தீர்ப்பு கவிழ்ந்துவிடாது என்று அழுத்தமாகச் சொன்னார். அதைக் கேட்டதும் நீதிபதி தலையை நிமிர்த்தினார். வென்ற சட்டத்தரணி என்றால் யார் என்று கேட்டார்.

நிரோஷினி எழுந்து நின்றாள். முன்வரிசையில் துஷானி தாயின் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைக் கண்டாள்.

"அந்த வழக்கில் கம்பனிக்காகத் தோன்றியது நான்தான், கனம் நீதிபதி அவர்களே. மொழிபெயர்ப்பாளர் வராததை நான் பார்த்தேன். சாட்சிக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நான் தமிழ் பேசுகிறவள். அவரிடம் தமிழில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தோற்றிருப்பேன். அதனால் கேட்கவில்லை."

மொழிபெயர்ப்பாளர் ஒருகணம் தயங்கினார். சரியாகத்தான் கேட்டோமா என்று அவளைப் பார்த்தார். அப்படியே சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

தீர்ப்புக்கு இரண்டரை மாதம் ஆனது. அந்த நாட்களில் நிரோஷினிக்கு வரவேண்டிய ஒன்றிரண்டு வழக்குகள் வேறு கைக்குப் போயின. தன் காலில் தானே வெட்டிக்கொண்டாள் என்று ஒரு மூத்த சட்டத்தரணி அவள் காதுபடவே சொன்னார். அவள் வழக்கம்போல எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்தாள்.

வேலாயியின் மேன்முறையீடு வென்றது. தோட்டத்தில் நடந்த விசாரணை செல்லாது, சம்பளப் பாக்கியோடு வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராஜரத்தினம் வழக்கில் சொன்னதை இனிப் பின்பற்ற முடியாது, ஏனெனில் அதன் அடிப்படையான பதில் சாட்சிக்கு விளங்கிய மொழியில் பெறப்படவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பந்தி இருந்தது. உண்மையை அறிந்திருந்த சட்டத்தரணி இருபத்திரண்டு வருடம் மௌனமாக இருந்ததை இந்த நீதிமன்றம் வருத்தத்தோடு பதிவு செய்கிறது.

நிரோஷினி அந்தப் பந்தியை வேலாயிக்கும் துஷானிக்கும் உரக்க வாசித்துக் காட்டினாள். எதையும் மறைப்பதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு. துஷானி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். அந்த அலுவலகத்தில் துஷானி நிரோஷினிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வேலாயி திங்கட்கிழமை பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பினாள். வியாழக்கிழமை, நிறுவனம் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது என்று அறிவித்தல் வந்தது. துஷானி பதறிக்கொண்டு நிரோஷினிக்குப் போன் எடுத்தாள்.

"போகட்டும்" என்றாள் நிரோஷினி. "அங்கயும் வருவோம். அங்க சொல்றது நாட்டுக்கே சட்டமாகும். அம்மாகிட்ட சொல்லுங்க, கொழும்புக்கு வர்றதுக்கு ஒருநாள் லீவு கேட்டு வைக்கச் சொல்லி."

போனை வைத்துவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்தாள். ராஜரத்தினம் வழக்கைக் காட்டித் தோற்கடிக்கப்பட்ட தொழிலாளரின் பெயர்களைச் சட்ட அறிக்கைகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எழுதத் தொடங்கினாள். மாலைக்குள் பதினேழு வந்தன. சிலருக்குக் காலம் கடந்திருக்கும். சிலர் இறந்திருப்பார்கள். எவருக்கு இன்னும் வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். முதல் பெயருக்குரிய தோட்டத்தின் முகவரியைக் கடித உறையில் எழுதிவிட்டு, உள்ளே வைக்க வேண்டிய கடிதத்தைத் தமிழில் ஆரம்பித்தாள்.