நான் மடக்காத கால்

பக்கவாதம் வந்ததிலிருந்து என் வலது கால் காய்ந்த பருத்திமார்க் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. விளாத்திகுளம் பஸ்ஸில் நான் ஏறலாமா என்று பிசியோதெரபிஸ்ட் அஞ்சலின் அன்றைக்குச் சொல்வதாக இருந்தது. அதே தடத்தில் கண்டக்டராக, கம்பியைப் பிடிக்காமல் உலகத்தை நாற்பது முறை சுற்றும் தூரம் போய்வந்தவன் நான். பஸ் ஏறாமல் எப்படி இருப்பேன்?

“காலைத் தளர்வா விடுங்க அண்ணாச்சி. நான்தான் மடக்குவேன். எவ்வளவு விறைப்பு இருக்குன்னு பாக்கணும்.”

விறைப்பே தெரியக்கூடாதென்று நானும் கமுக்கமாகக் கூடவே மடக்கிக் கொடுத்தேன்.

“நீங்க மடக்குதீங்க அண்ணாச்சி.”

“நானா? கால் அம்புட்டு லேசு தாயி!”

“பொய் சொல்லுதாவ. அவிய தொடையப் பாரும்மா, துடிக்குது,” என்றாள் என் மனைவி வெயிலம்மாள்.

அந்தப் பிள்ளை அஞ்சலின் சட்டென்று கையை எடுத்துவிட்டது. என் கால் நிற்கவில்லை. தானாகவே இன்னும் ஒரு சாண் மடங்கியது. வசமாக மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை கைதட்டிச் சிரித்தது. “போன வாரம் பெருவிரல்கூட அசையல. இன்னைக்குத் திருட்டுத்தனமா முழங்காலையே மடக்குதீங்க! அக்காவோட பஸ் ஏறுங்க. ஆனா கம்பியப் பிடிக்கணும்.”

“கம்பியையா? நானா?”

வெயிலம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“ரெண்டு கையாலயும் பிடிக்கேன் தாயி,” என்றேன்.