மணவாளனின் பகா எண்

மணவாளன் படித்தது ஏழாம் வகுப்பு; நடத்துவது பன்னிரண்டாம் வகுப்பு வரை. புவனகிரி அரிசி ஆலையைத் தம்பிகளோடு மூன்றாக வெட்டிப் பிரித்து, தன் பங்கை வைத்துக் கடலூரில் தொடங்கிய பள்ளி. கணக்கு டீச்சர் இசைவாணி சிதம்பரத்திலிருந்து தினமும் வந்து, நான்கு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தாள்.

2008-இல் கோடிக்கு மேல் இலக்கம் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்த செய்தி பேப்பரில் வந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாதது என்று விளக்கமும் போட்டிருந்தார்கள். மணவாளனுக்கு விளங்கியது அந்த ஒரு வரிதான்: பாகம் பிரிக்க முடியாத எண். அப்படியொன்றைப் புதுக் கட்டடத்தின் நெற்றியில் பித்தளையில் பதித்துவிட்டால், மகன்கள் நாளைக்குப் பள்ளியைப் பிரிக்க மாட்டார்களாம்.

எண்ணையும் அவரே தயாரித்தார். தன்னுடையது, மனைவியுடையது, மகன்கள் இருவருடையது என்று பிறந்த தேதிகளை வரிசையாக அடுக்கி, செல் நம்பரை ஒட்டி, கூட்டினால் ஒன்பது வரும்படி கடைசியில் ஓர் இலக்கத்தைச் செருகினார். ஒன்பது அவருக்கு ராசி. லாரி முதல் ரசீதுப் புத்தகம் வரை ஒன்பதில்தான் ஓடின. ஆக நாற்பத்து மூன்று இலக்கம்.

பிறகு இசைவாணியைக் கூப்பிட்டார். இது பகா எண்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மே மாதத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டுத்தொகை ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபட்டே தீரும், அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

மணவாளன் நெல் மூட்டைக்கு விலை பேசுகிறவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒன்பதால மட்டுந்தான டீச்சர்? ஒண்ணே ஒண்ணு. அத விட்டுக் குடுத்துடுங்க."

"இதுல விட்டுக் குடுக்க முடியாது சார்."

"விட்டுக் குடுக்க முடியாத சரக்குன்னு ஒண்ணு இருக்குதா? இவ்ளோ நீள நம்பர்ல ஒரு சின்ன ஓட்டை. ஜாஸ்தி பேசாதீங்க."

இந்த ஆளுக்குப் புரியவைப்பதற்குள் மே மாதம் வந்துவிடும் என்று இசைவாணிக்குத் தெரிந்தது. நிரந்தர ஆர்டரை முதலில் கொடுங்கள், நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றாள். நல்ல நேரம் என்றதும் மணவாளன் பதறிப்போய்க் கையெழுத்திட்டு, சீல் குத்தி நீட்டினார்.

அதைப் பையில் வைத்துவிட்டு, பள்ளியின் லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள்: இந்த எண்ணைச் சோதித்தேன், ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது, பகா எண் அல்ல.

எந்தக் காகிதத்திலும் மணவாளன் பார்ப்பது இரண்டுதான், கையெழுத்தும் சீலும். இரண்டும் இருந்தன. கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, வரவேற்பறையில் மாட்டினார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று மரியாதையாகத் தலையாட்டினார்கள். எம்.ஏ. ஆங்கிலம் படித்த தலைமையாசிரியர் ராபர்ட் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கடைசி எழுத்து வரை படித்தார். இசைவாணியை ஒரு தரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற மணவாளனை ஒரு தரம் பார்த்தார்.

"டீச்சர் கையெழுத்து முத்து முத்தா இருக்குது சார்," என்றார்.