யாக்கிக்குப் பதிலாகக் கூசே

இந்த வருடம் நன்றித் திருநாளுக்கு யாக்கிக் குரங்கின் கறி கிடையாது என்று அந்த மினகாசா மலைக்கிராமத்தையே சத்தியம் செய்யவைத்தவர் சபை மூப்பர் யோப்பி. செத்துக் கிடந்த கருங்குரங்கின் வயிற்றைக் கட்டிக்கொண்டு விட மறுத்த குட்டியைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் வேட்டைக்காரர் வெம்பியின் தலையில் கொட்டினார். ஆராதனை நடுவே அவரை எழுப்பி நிறுத்தி, "தாயைக் கொன்ன கை இது," என்றார். வெம்பி குனிந்த தலை நிமிரவில்லை. மறுநாளே துப்பாக்கியைத் துறந்தார்.

விருந்துக்கு யாக்கி இல்லையென்றால் கூசே. யாக்கி மனிதரைப் போல முகம் பார்க்கும், பிள்ளையை அணைத்துக்கொண்டு அலையும். கூசேயோ மரத்தில் தூங்கிவழியும் சின்னப் பிராணி. எலிக்கு அண்ணன், அதற்கேது பாசம் என்பது யோப்பியின் நினைப்பு.

வருடா வருடம் வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டு நிற்பவர், இந்த முறை தன் கையாலேயே சமைத்துக் காட்டுகிறேன் என்று அடுப்படிக்குள் புகுந்தார். சந்தையில் உயிரோடு வாங்கிய கூசேயை அடித்துக் கிடத்தி, வயிற்றில் கத்தியை வைக்கப் போனபோது விரல் அங்கே தோலோடு தோலாக இருந்த ஒரு பைக்குள் நழுவியது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மொச்சைக்கொட்டை அளவில், முடிகூட முளைக்காத குட்டி ஒன்று காம்பைக் கவ்வியபடி நெளிந்தது.

மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த மனைவி நொல்தா எட்டிப் பார்த்தாள்.

"பெட்டைன்னா இருக்கத்தான் செய்யும். குரங்கு வெளிய தூக்கிட்டுத் திரியுது, இது உள்ள ஒளிச்சு வச்சுக்குது. வருஷா வருஷம் யாக்கியோட கூசேயும் சமைக்கறப்ப நான்தானே எடுத்து நாய்க்குப் போடறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"இதுக்கும் அழுவீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

யோப்பிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குட்டியை மெல்லப் பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கறியை வெட்டினார். வாசலில் ஊரே காத்திருந்தது.

கறி மேசைக்கு வந்ததும் வெம்பி எழுந்தார்.

"இந்த வருஷம் என் கையால ஒரு தாயும் சாகல, மூப்பரே. அன்னைக்கு நீங்க திட்டினது சரிதான். ஜெபம் பண்ணுங்க."

யோப்பி எழுந்து நின்றார். வெம்பியிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குப் பக்கத்திலேயே சட்டைப் பைக்குள் குட்டி துடித்தது. வாய் திறந்தது, வழக்கமான ஜெபம்தான் வந்தது. அவர் முடிப்பதற்குள் பை அடங்கிவிட்டது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வெம்பி சட்டியிலிருந்து முதல் துண்டை எடுத்து மரியாதையோடு யோப்பியின் தட்டில் வைத்தார். எல்லாக் கண்களும் அவர் மேல் இருந்தன. அவர் சாப்பிட்டார்.