பசையைக் கொஞ்சமாகத் தடவு

பேனாவைக் கணவரின் விரல்களிலிருந்து உருவி, முதலில் மூடியைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டாள். இந்த முன்பின்னை வைத்துத் தெருவில் அவளைப் பற்றிப் பிற்பாடு பல மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டில் மை காய்ந்துபோவது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டார்கள்.

அவர் தலை மேஜைமேல் சாய்ந்திருந்தது. கைக்கு அடியில் ஒரு வாழ்த்து அட்டை. அதில் ‘அன்புடன்’ என்பது முழுதாக விழுந்திருந்தது. கீழே அவர் பெயர் பாதியில் நின்று, அங்கிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பி, அட்டையைத் தாண்டி, மேஜைக்கு விரித்த செய்தித்தாளில் போய் முடிந்திருந்தது. அட்டைக்கு வெளியே அவர் மையைச் செலவழித்தது ஆயுளிலேயே அதுதான் முதல் தடவை.

தெருவில் அவருக்கு ‘வாழ்த்து சார்’ என்று பெயர். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தநாள், கல்யாண நாள், புது வருஷம், பரீட்சையில் பாஸ், புது வீடு, பேரனுக்குப் பல் முளைத்தது, எதற்கும் ஒரு வாழ்த்து போய்விடும். தூரத்துச் சொந்தம், பழைய அலுவலக ஆட்கள், ரயிலில் ஒரு தடவை எதிரே உட்கார்ந்து வந்தவர் என்று ஊர்ப்பட்ட பேருக்கு. ஒரு பைசா வீணாகாமல் போகும் என்பதுதான் அதில் விசேஷம்.

வந்த அட்டைகளை இரண்டாகப் பிரித்து, படம் உள்ள பாதியை நெளிநெளியாக வெட்டும் கத்தரியால் ஓரம் வெட்டினால் புது அட்டை. கத்தரி தையல்காரியுடையது. வந்த உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டினால் புது உறை. பசைக்கு மைதா. அட்டை போக வேண்டிய ஊருக்கு யாராவது போகிறார்கள் என்றால் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் தபால்தலையும் மிச்சம்.

பிரிப்பது, வெட்டுவது, திருப்புவது, ஒட்டுவது, யாருக்கு என்ன எழுதினால் மனசு குளிரும் என்று யோசித்து முத்து முத்தாக எழுதுவது எல்லாம் அவள். கையெழுத்துப் போடுவது அவர். பச்சைப் பேனாவைத் திறந்தால் திறந்தபடியே ஒரு அடுக்கு வெற்று அட்டைகளில் போட்டு முடித்துவிடுவார். மேலே அவள் பிறகு எழுதிக்கொள்ள வேண்டியது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, “என் பேரையும் போடுங்களேன்” என்று கேட்டாள். “ஒரே வீடு. ஒரு பேரு போதாதா? மை என்ன குழாய்லயா வருது?” என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இது தெருவுக்குத் தெரியாமல் இல்லை. மேஜை ஜன்னல் ஓரத்தில் கிடக்கிறது. ஜன்னலுக்குத் திரை கிடையாது, துணி விலை. போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்ததுதான்.

மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. வாடகை நாற்காலிகள் வாசல் தாண்டித் தெருவுக்குப் போயின. கட்டிலில் அவர் கண்ணாடி இல்லாமல், யாரோ ஒருவரைப் போலக் கிடந்தார். அவள் கால்மாட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

அவருடைய தங்கை வாசலிலேயே அழத் தொடங்கி, கட்டிலைச் சுற்றி வந்து, மேஜையைப் பார்த்ததும் நின்றாள். பாதிக் கையெழுத்து அட்டையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

“பாத்தீங்களா, உசுரு போறப்பகூட எங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. இது எனக்கு எழுதினதுதான், அண்ணி. எனக்குத் தெரியும்.”

அதில் இன்னும் யாருக்கும் எதுவும் எழுதப்படவில்லை. படம் வாத்துக்குஞ்சு, குழந்தைகளுக்கு அனுப்புகிற வகை. அட்டை நாத்தனாரின் கைப்பைக்குள் போனது.

“கடைசியா என்ன சொன்னாரு அண்ணி?”

கூடத்தில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இதைக் கேட்க எல்லாருக்குமே ஆசை இருந்திருக்கிறது.

கடைசியாக அவர் சொன்னது, “பசையக் கொஞ்சமாத் தடவு. மாவு என்ன மரத்துலயா காய்க்குது?” என்பது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். பிறகு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“ஒண்ணும் சொல்லல” என்றாள்.

“எப்படிச் சொல்லாம இருப்பாரு? எல்லாரும் நல்லா இருக்கணும்னு மனசுக்குள்ளயாவது சொல்லியிருப்பாரு” என்றாள் நாத்தனார். சாயங்காலத்துக்குள் அவர் அதை வாய்விட்டே சொன்னதாக ஆகிவிட்டது. வாசல் நாற்காலிகளில் அதோடு இரண்டு வரி சேர்ந்தும் விட்டது.

மகன் தூரத்து ஊரிலிருந்து வந்து இறங்கியபோது மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். காலையில் எழுதி முடித்துக் காய வைத்திருந்த அட்டைகளை நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்காட்சி மாதிரி இருந்தது.

“எழுத்தப் பாருங்க. அச்சுல வார்த்த மாதிரி. இந்தக் காலத்துல யாருக்கு இப்படி எழுத வருது? அண்ணன் சின்ன வயசுல கோழி கிளறின மாதிரி எழுதுவாரு, அப்பாகிட்ட அடிகூட வாங்கியிருக்காரு. அப்புறம் எப்படிப் பழகினாரோ போங்க.”

எப்படிப் பழகினார் என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அவருடைய பழைய மேலதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு, சாவு வீடு என்பதால் பாதிச் சிரிப்பாகச் சிரித்தார். “ஒரு வருஷம் நான் அனுப்பின கார்டே வெட்டுப்பட்டு எனக்கே திரும்பி வந்துடுச்சு. பின்னாடி என் பேரன் கிறுக்கினதுகூட அப்படியே இருக்கு. மறுநாள் ஆபீஸுக்கு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு பாவம். ‘என் வீட்டுக்காரி மாத்தி வச்சுட்டா சார், அவளுக்கு அவ்வளவுதான் வெவரம்’னாரு.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அன்பாகத்தான். அட்டை விஷயத்தில் அவள் கை இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அட்டை பொறுக்கியது அவர். அவள் பொறுக்கினால் யார் அனுப்பியது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் குறித்துவைத்து, ஒட்டும்போது அழித்துவிடுவாள்.

தையல்காரி காபி டம்ளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “இல்ல சார், அது வந்து…” என்றாள். யாரோ இன்னொரு காபி கேட்டார்கள். டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் நாத்தனார் மகனின் கையில் ஒரு அட்டையைத் திணித்தாள். “நீயே சொல்லுடா. உங்கப்பா எழுத்து மாதிரி நம்ம வம்சத்துல யாருக்காவது உண்டா?”

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

இவன் அந்த மேஜைக்கு அடியில் வளர்ந்தவன். வெட்டி விழுந்த நெளிநெளித் துண்டுகள்தான் இவனுக்கு விளையாட்டுச் சாமான். அவள் மடியில் உட்கார்ந்து, அவள் எழுத எழுத அந்த எழுத்தைப் பார்த்துத்தான் அகரம் படித்தான். விடுதியில் இருந்தபோது ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுக்குப் போன அட்டை என்ன சொன்னது, அதை யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியாதா? வேறு யாரும் சொல்ல வேண்டாம். இவன் ஒருத்தன் சொன்னால் போதும். நீளமாகக்கூட வேண்டாம். ‘அம்மா எழுதினது அத்தை.’ இவ்வளவுதான்.

மகன் அட்டையைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அம்மா பக்கம் ஒரு தடவை கண் வந்துபோனது.

“ஆமா அத்தை” என்றான். “அப்பா எழுத்துன்னா எழுத்துதான்.”

அவள் மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தண்ணீர் குடிக்க அவள் சமையலறைக்குப் போனபோது பின்னாலேயே வந்தான். பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“இன்னிக்கு எதுக்கும்மா அதெல்லாம். எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காங்க.”

“நான் ஒண்ணும் கேக்கலியேப்பா.”

“உனக்கு நான் இருக்கேன்ல.”

“காபி குடிச்சியா?” என்று கேட்டாள்.

வண்டி வந்தது. அவரை எடுத்துப்போனார்கள். தெருவே வாசலில் நின்றது. யாருக்கு எத்தனை அட்டை வந்தது என்று நின்றவர்களுக்குள் ஒரு சின்னப் போட்டிகூட நடந்தது. இனிமேல் நமக்கு யார் அனுப்புவார் என்று பெருமூச்சு விட்டவர்கள் வீட்டுக்குள் திரும்பிப்போனவளைத் தாண்டித்தான் அந்தப் பெருமூச்சை விட்டார்கள்.

கிளம்பும் முன்னால் நாத்தனார் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு எந்த வீட்டிலும் இழுப்பறையைத் திறக்காமல் கிளம்பிப் பழக்கமில்லை. உள்ளே அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவைத்த வெற்று அட்டைகள் ஒரு அடுக்கு இருந்தன.

“அண்ணி, தெய்வமே குடுத்த மாதிரி இருக்கு. வந்தவங்களுக்கெல்லாம் இதுலயே ரெண்டு வார்த்தை நன்றி எழுதி அனுப்பிருங்க. அண்ணனே நன்றி சொன்ன மாதிரி இருக்கும். செலவும் இல்ல.”

“சாவுக்கு வந்ததுக்கு அவரே நன்றி சொல்றதா?”

“அவரு கையெழுத்து இருக்கே அண்ணி. வீணாப்போகணுமா?”

தங்கை அண்ணனுக்குத் தப்பாமல் பிறந்திருந்தாள்.

எல்லாரும் போன பிறகு, அடுத்த வாரம், அவள் தையல்காரியிடம் கத்தரியைக் கேட்டாள். தையல்காரி அவளுக்கு எதிரே உட்கார்ந்து, “அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா” என்றாள்.

“நீ சொன்னா மட்டும்?” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

இழுப்பறையிலிருந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து, ‘அன்புடன்’ என்பதும் அவர் பெயரும் இருந்த அடிப்பகுதியை நெளிநெளியாக வெட்டினாள். பச்சை எழுத்துத் துண்டுகள் மடியில் விழுந்தன. அட்டைகள் கொஞ்சம் குள்ளமாகிவிட்டன. வெட்டிய இடத்துக்கு மேலே எழுதினாள். வந்திருந்தது பெரிய ஆறுதல் என்று சிலருக்கு, உங்கள் முட்டிவலி தேவலையா என்று மேலதிகாரிக்கு, குழந்தையை விட்டுவிட்டு ஓடிவந்தாயே என்று இன்னொருத்திக்கு. பிறகு பச்சைப் பேனாவைத் திறந்து, கீழே தன் பெயரை எழுதினாள். முதல் இரண்டு அட்டைகளில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதினாள். தன் பெயரைக் கடைசியாக எங்கே எழுதினாள் என்று நினைவில்லை.

எல்லாவற்றுக்கும் புதுத் தபால்தலை வாங்கி ஒட்டினாள்.

முதலில் கூப்பிட்டது நாத்தனார்தான். அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டாள். கைகள் மைதாவில் இருந்தன. அடுத்த கட்டுக்கு உறைகள் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கார்டு வந்துச்சு. பிரிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“அப்படியா?” என்றாள். ஒட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“அப்படியே அண்ணன் எழுத்து. அந்தச் சுழி, அந்தச் சாய்வு, எல்லாம் அப்படியே. கூடவே இருந்து இருந்து உங்களுக்கும் வந்துடுச்சு பாருங்க. இவ்வளவு நல்லாப் பாத்து எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

அவள் பாதி ஒட்டிய உறையைக் கீழே வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. ஆனா அண்ணன் கையெழுத்த ஏன் அண்ணி வெட்டிட்டீங்க? கார்டு ஒரு மாதிரி மொட்டையா இருக்கு. அண்ணி? கேக்குதா? இருக்கீங்களா?”

“ம், இருக்கேன்” என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த உறையை இழுத்துக்கொண்டாள். கிண்ணத்திலிருந்து விரல் நிறையப் பசையை அள்ளி, மடிப்பு முழுக்கத் தடவினாள். இன்னொரு தடவையும் அள்ளினாள். மடித்து அழுத்தியபோது அது நாலு பக்கமும் பிதுங்கி மேஜையில் வழிந்தது. துடைக்காமல், அடுத்ததை எடுத்தாள்.