கூடத்து வாழை

வாழை மறுபடியும் ஃபேனை எட்டிவிட்டது. கிழிந்த இலை கூடமெல்லாம் சிதறிக் கிடந்தது. தமிழழகன் அரிவாளை எடுத்தான். உயரம் மிஞ்சும்போதெல்லாம் தண்டைக் குறுக்கே வெட்டிவிடுவான். மறுநாளே வெட்டின இடத்தின் நடுவிலிருந்து குருத்து எட்டிப் பார்க்கும். சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் வேலையை விட்டு நின்றபிறகு அவன் ஒழுங்காகச் செய்யும் வேலை இது ஒன்றுதான்.

அந்த வாழை அவனுடைய முதல் மனைவி. வெற்றிச்செல்விக்கு அது தெரியாது.

கல்யாணத்துக்கு முன் ஜோசியர் அவனுக்கு இரண்டு தாரம் என்றார். முதல் தாலி தங்காதாம். கோயிலில் வைத்துப் பரிகாரம் செய்தால் ஊர் சிரிக்கும் என்று, அம்மா சம்பூர்ணம் அவனுடைய பெரம்பலூர் மாடி வீட்டுக்கே ஒரு வாழைக்கன்றைப் பெயிண்ட் பக்கெட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். மஞ்சள் கயிற்றைக் கட்டச் சொன்னார்கள், கட்டினான். வெட்டச் சொன்னார்கள், வெட்டினான். எந்த இடத்தில் என்று யாரும் சொல்லவில்லை. முழங்கால் உயரத்தில் வெட்டி, பக்கெட்டை மொட்டைமாடிக்குத் தள்ளிவிட்டான். அது துளிர்த்தது. புதுப்பெண்ணாக வந்த வெற்றிச்செல்வி, வெயிலில் காய்கிறதே என்று அதைத் தூக்கிவந்து கூடத்து ஜன்னலோரம் வைத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் செந்துறையில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். அவள் இல்லாத வீட்டில் மறுபடியும் கிடக்க அவனால் முடியாது.

இப்போது அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மூட்டுவலியால் மாடி ஏறாத சம்பூர்ணம், தகவல் தெரிந்து கீழப்பழுவூரிலிருந்து வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டேய், இது அந்த வாழையா?"

"ம்."

"பாவி, இது இன்னும் சாவலையா? வூட்டுக்குள்ளயே வச்சிருக்கியே! அதான் புள்ள படுத்துக்கிச்சு. வேரோட புடுங்குடா!"

வெற்றிச்செல்வி போர்வையோடு எழுந்து வந்தாள். "ஏன் அத்தை, வாழை என்ன பண்ணுச்சு?"

சம்பூர்ணத்துக்கு மறைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வெற்றிச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நான் ரெண்டாந்தாரமா? எங்கப்பா மொத தாரம்னு நெனச்சுல்ல சீர் செஞ்சாரு."

"வெளையாட்டு இல்லம்மா. அது இருந்தா நீ இருக்க மாட்ட."

"டாக்டரு டைபாய்டுன்னு சொன்னாரு அத்தை. வாழைன்னு சொல்லல." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இதுக்குத் தாலி கட்டுறப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"ஒண்ணும் தோணல."

"எனக்குக் கட்டுறப்ப?"

சம்பூர்ணம் மகனுக்குக் கண்ணால் சாடை காட்டினாள். ஒரு பொய் போதும். அவன் அந்த நாளை நினைத்துப் பார்த்தான். மேளச் சத்தம், புகை, யாரோ கையில் கொடுத்த கயிறு.

"அப்பவும் ஒண்ணும் தோணல."

அவள் அழவில்லை. காய்ச்சல் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"அப்ப அவளும் நானும் ஒண்ணுதான். ஒருத்திய மட்டும் எதுக்குப் புடுங்கணும்? இடுப்பளவுக்கு வெட்டுங்க, போதும்."

"நல்ல குடும்பம்டா சாமி," என்று சம்பூர்ணம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஊருக்குப் போவலையா?" என்று அவன் வெற்றிச்செல்வியைக் கேட்டான்.

"காய்ச்சல் விடட்டும். யோசிக்கிறேன்."

வெட்டினான். தண்டிலிருந்து நீர் தரையில் வழிந்தது. துணி எடுக்கத் திரும்பியவனை அவள் நிறுத்தினாள்.

"அத அப்புறம் தொடைக்கலாம். மொதல்ல எனக்குக் கஞ்சி வைங்க."

அவன் போய் அடுப்பைப் பற்றவைத்தான்.